அட்டை போனால் முடிவும் போச்சு

(சங்கத்தின் பொங்கல் விழா மாலையில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் கிளப் ஹவுஸில் பேசியது. பேச்சு வழக்கைக் கொஞ்சம் திருத்தி, அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கி வெளியிடுகிறோம்.)

கோலப் போட்டிப் பரிசு கொடுத்தாயிற்று, உறியடி முடிந்தாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கிற இருபது நிமிஷத்தை நம் செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கிறார். பசி நேரத்தில் பேசுகிறவன் நீட்டமாட்டான் என்று அவருக்கு ஒரு கணக்கு.

விஷயம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். போன ஆடி மாதம் இதே ஹாலில், கேரம் போர்டு பக்கத்தில் இருக்கிற புத்தக அலமாரியில், என் சேகரிப்பிலிருந்து முப்பது பழைய மாத நாவல்களைக் கொண்டுவந்து அடுக்கினேன். துப்பறியும் கதை, உளவாளிக் கதை. நம் காலத்தில் பஸ் ஸ்டாண்டில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த ரகம். மூன்றாம் நாள் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. அலமாரிக்கு முன்னால் ஆறு வயதுக் குழந்தை ஒன்று நிற்கிறது. அதன் கண்ணுக்கு நேராக ஒரு அட்டை: கத்தி, ரத்தம், அலறுகிற பெண். "இது யார் வேலை?" என்று கீழே கேள்வி.

என் வேலைதானுங்க. செயலாளர் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார். "அண்ணா, அட்டைக்கு மட்டும் பிரவுன் பேப்பர் போட்டுடலாமுங்களா?" நான் மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போனதாகச் சில பேர் நினைத்தீர்கள். கோபமில்லை. ஆனால் அந்தப் "பிரவுன் பேப்பர்" என்ற சொல் என்னை நாற்பது வருஷம் பின்னால் தள்ளிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1985, 86 வாக்கில் நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஜின்னிங் பாக்டரியில் வேலை. அக்கா பனியன் கம்பெனியில் கைமடி. நான் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் மேசை துடைக்கிற பையன். இந்த ஊர் எக்ஸ்போர்ட்டுக்குத் திரும்பிய காலம் அது. ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் அக்கா வீட்டுக்குக் கொடுத்ததுபோக மிச்சத்தில் இரண்டு வாங்குவாள். ஒன்று பூ. இன்னொன்று ஒரு மாத நாவல்.

கடையில் வாங்கின கையோடு, வீட்டுக்கு வரும் வழியிலேயே, அட்டையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிடுவாள். அந்த அட்டையோடு புத்தகம் வீட்டுக்குள் வந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். பிரவுன் பேப்பர் வாங்கினால் அதற்கும் காசு. கிழித்துவிட்டால் அது வெறும் பழுப்புத் தாள் கட்டு. "பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கோலப் புத்தகம்" என்று சொல்லிக்கொள்ளலாம். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமம், அதனால் பிழைத்தோம்.

இப்படி அட்டையில்லாமல் அக்கா சேர்த்தது நாற்பத்திமூன்று புத்தகம். கல்யாணமாகி உடுமலை போகும்போது ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என் சேகரிப்பின் ஆரம்பம் அதுதான். நான் புத்தகம் சேர்க்கிறேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உண்மையில் நான் சேர்ப்பது அட்டைகளை. அக்கா கிழித்துப் போட்டவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இளைஞர்கள் இருக்கிறீர்கள், அதனால் இந்தக் கதைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழில் துப்பறியும் கதை நேற்று வந்ததல்ல. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் என்று நூறு வருஷத்துக்கு முந்தியே பெரிய வியாபாரம். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950-ல் படமாகவே வந்தது, மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, நம்பியார் நடித்தார். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் முதலில் வரும் பெயர் சங்கர்லால்தான். எழுதியவர் தமிழ்வாணன், தேவகோட்டைக்காரர், 'கல்கண்டு' பத்திரிகையின் ஆசிரியர். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அதுவே அவர் முத்திரை. சங்கர்லால் எதற்கெடுத்தாலும் தேநீர் குடிப்பார். அவருக்குக் கத்தரிக்காய் என்று ஒரு உதவியாள் உண்டு. 'டோக்கியோ ரோஜா' என்ற கதையில் ஜப்பானுக்கே போய்விடுவார்.

நம்மூரில் அன்றைக்கு யார் டோக்கியோ பார்த்தது? பாஸ்போர்ட் என்ற பொருளையே எங்கள் லைன் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு இந்த ஹாலில் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் பையர் மீட்டிங் போய்வந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். அக்காவைப் போன்றவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் முதலில் வந்தது கார்ட்டன் பெட்டியின் மேல் அடித்த முகவரியாக அல்ல, இந்தக் கதைகள் வழியாக.

சினிமாவிலும் அதே காற்றுதான். ஜேம்ஸ்பாண்ட் படங்கள் உலகத்தை ஆட்டிப்படைத்ததும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்' என்று எடுத்துத் தள்ளினார்கள். அவருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்றே பெயர் விழுந்தது. படக்கதைகளில் சிவகாசிக்காரர்கள் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார்கள். அதில் வந்த இரும்புக்கை மாயாவி அசலில் இங்கிலாந்து உளவாளி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் தெரியும். நம்மூரில் பவர்கட் இருந்த வருஷங்களில் அவர் வந்திருந்தால் ஒரு வேலையும் நடந்திருக்காது. 1984-ல் லயன் காமிக்ஸ், முதல் இதழே மாடஸ்டி. அதே வருஷம் ராணி காமிக்ஸ், அதில் ஜேம்ஸ்பாண்டே தமிழ் பேசினார். ஒரு வேடிக்கை சொல்கிறேன். வெளிநாட்டுப் படக்கதையில் பெண்கள் அரைகுறை உடையில் இருந்தால், தமிழில் அச்சடிக்கும்போது மேலே மை பூசி ஒரு ஜாக்கெட் வரைந்துவிடுவதும் நடந்திருக்கிறது. நம் வாட்ஸ்அப் குரூப் அப்போதே வேலை செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில்தான் மாத நாவல் வெள்ளம். மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று மாதம் பிறந்தால் கடை முழுக்கத் தோரணம். எழுதியவர்களில் முதல் ஆள் நம் பக்கத்து ஊர்க்காரர், கோயமுத்தூர் ராஜேஷ்குமார். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதியவர். அவருடைய விவேக்கும் ரூபலாவும் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் மாதிரி. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் 'சுபா' என்ற பெயரில் எழுதினார்கள். அவர்களுக்கு நரேந்திரன், வைஜயந்தி. பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத், சுசீலா.

இந்தச் சுசீலாவைப் பற்றி நம்மூர்க் கூட்டத்தில் சொல்லாமல் விட்டால் பாவம். சுசீலா கதையில் வரும்போதெல்லாம் டி-ஷர்ட் போட்டிருப்பாள். அந்த டி-ஷர்ட்டில் ஏதாவது ஒரு குறும்பான வாசகம் இருக்கும். இந்த மாதம் என்ன வாசகம் என்று பார்க்கவே வாங்கினவர்கள் உண்டு. அப்போது நாங்கள் ராத்திரி பகலாக டி-ஷர்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம். நான் பிரிண்ட் போடுகிறேன், அக்கா தைத்ததற்கு நூல் வெட்டுகிறாள். எல்லாம் பெட்டியில் போய்விடும். தமிழ் பேசுகிற பெண் ஒருத்தி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, பைக்கில் உட்கார்ந்துகொண்டு, ஆண்களைக் கிண்டல் பண்ணுவதை நாங்கள் முதலில் பார்த்தது அந்தக் கதையில்தான். கம்பெனியில் அக்கா லைனில் இருந்த பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் சுசீலா வாசகத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

சரி, அட்டைக்கு வருகிறேன்.

நான் முப்பத்தெட்டு வருஷம் துணியில் பிரிண்ட் போட்டவன். அதனால் ஒரு அட்டையைக் கையில் எடுத்தால் முதலில் அந்தப் பெண்ணைப் பார்க்கமாட்டேன். நம்புங்கள். ரெஜிஸ்டரைத்தான் பார்ப்பேன். நாலு கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று. மலிவு அட்டைகளில் உட்கார்ந்திருக்காது. உதடு ஓரிடத்தில், உதட்டுச் சாயம் ஒரு நூல் தள்ளி. எங்கள் யூனிட்டில் அப்படி ஒரு பீஸ் வந்தால் ரிஜெக்ட், நேராகக் காதர்பேட்டைதான். ஆனால் இந்த அட்டைகளில் அந்தத் தவறே ஒரு அழகு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், அவசரமாக ஓடிய மெஷின் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் எழுத்து. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் தலைப்பை ஓவியர் கையாலேயே எழுதுவார். 'ர'வின் காலில் ரத்தம் சொட்டும். 'ழ'வின் வால் கத்தியாக நீளும். துப்பாக்கிக் குழாயிலிருந்து வரும் புகையே சுழன்று தலைப்பாக நிற்கும். அவ்வளவு வகை எழுத்து இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை.

வரைந்தவர்கள் சின்ன ஆட்களா? ஜெயராஜ், மாருதி, அரஸ், ஷ்யாம். ஜெயராஜ் வரைந்த பெண் திமிராக நிற்பாள், நம்மை நேராகப் பார்ப்பாள். சுஜாதா கதைகளுக்கு அவர் போட்ட படங்களைப் பற்றி என் வயதுக்காரர்களிடம் கேளுங்கள், பதில் சொல்லாமல் சிரிப்பார்கள். மாருதியின் பெண்ணோ பெரிய கண்ணும் சாந்தமுமாக, நம் வீட்டுப் பெண் மாதிரி. கொலைக் கதை அட்டையில் மாருதி முகம் வந்தால் எனக்கு மனசு பதறும், ஐயோ இவளுக்கா என்று. ஷ்யாம் வரைந்தவை வண்ணத்தில் அப்படியே மின்னும். சென்னையில் பிளாஃப்ட் என்ற பதிப்பகம் 2008-ல் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டது. நான் சொன்ன 'டோக்கியோ ரோஜா'வும் அதில் உண்டு. அதற்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள்கூட இந்த அட்டைகளைத் தேட ஆரம்பித்தார்கள். நாம் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டது!

அமெரிக்காவிலும் இதே கதைதான். ராபர்ட் மெக்கின்னிஸ் என்ற ஓவியர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலிவு நாவல்களுக்கு அட்டை வரைந்தார், ஜேம்ஸ்பாண்ட் பட போஸ்டரும் வரைந்தார். இங்கிலாந்தில் 1963-ல் 'தண்டர்பால்' நாவலின் அட்டையில் நிஜமாகவே இரண்டு ஓட்டை போட்டு விற்றார்கள், துப்பாக்கிக் குண்டு துளைத்த மாதிரி. அந்தப் புத்தகங்கள் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. நம்முடையவை பழைய பேப்பர் கடையில்.

நம்மூர் அட்டைகள் எல்லாமே ஓவியம் என்று சொல்லமாட்டேன். நிறைய வெட்டி ஒட்டியவை. ஏதோ ஒரு நடிகையின் ஸ்டில், வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து ஒரு கார், எங்கிருந்தோ ஒரு கை, அதில் துப்பாக்கி. கைக்கும் காருக்கும் அளவே பொருந்தாது. அவற்றில் சில அசிங்கமானவைதான், ஒத்துக்கொள்கிறேன். பெண்ணை அடித்துத் துன்புறுத்துவதை ரசிக்கச் சொல்கிற அட்டை சிலது என்னிடம் இருக்கிறது. அவற்றை நான் அலமாரிக்குக் கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் மாட்டேன். என் பேத்தி வந்தால் அந்தப் பெட்டியை மேலே தூக்கி வைத்துவிடுவேன். ஆனாலும் தூக்கி எறியவில்லை. அந்தக் காலத்தில் எதைக் காட்டினால் விற்கும் என்று நினைத்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பழைய பேப்பர் கடைகளுக்கு நான் போக ஆரம்பித்தது தொண்ணூறுகளில். ஞாயிற்றுக்கிழமை காலை கோயமுத்தூர் உக்கடம் பழைய புத்தகக் கடைகள், சாயந்திரம் நம்மூர்ப் பேப்பர் கடைகள். ஒரு கடைக்காரர், நல்ல மனுஷர், வழவழத் தாளைத் தனியாகவும் சாணித்தாளைத் தனியாகவும் பிரிப்பார். நாவல் வந்தால் அட்டை ஒரு குவியல், உள்தாள் ஒரு குவியல். எனக்கு அது புதையல். ஒருநாள் அந்த வழவழக் குவியலில் ஒரு அட்டை கிடைத்தது. தலைப்பைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அக்கா பெட்டியில் இருக்கிற ஒரு உளவாளிக் கதை. அட்டையில் சிவப்புப் புடவையில் ஒரு பெண், நனைந்துபோய், கையில் சைலன்சர் மாட்டிய துப்பாக்கி. பின்னால் ஒரு ஹெலிகாப்டர்.

அதை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் உடுமலைக்குப் போனேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். "இவ யாருடா? கதையில இப்படி ஒருத்தியே இல்லையே."

இல்லைதானுங்க. அந்தக் கதையில் வருகிற பெண் ஒரு டைப்பிஸ்ட், கதர்ப் புடவை கட்டுவாள், துப்பாக்கியைத் தொடவே மாட்டாள். ஹெலிகாப்டரும் இல்லை. கதை முடிந்து அட்டை வரைந்ததோ, அட்டை அடித்த பிறகு கதை வந்ததோ! "இதுக்கா அப்பாவுக்குப் பயந்து கிழிச்சேன்? உள்ள ஒண்ணுமே இல்லாததுக்கு?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அவள் மனசில் அந்த டைப்பிஸ்ட்டுக்கு அவள் லைனில் வேலை செய்த ஒரு பெண்ணின் முகமாம். அட்டை இருந்திருந்தால் அந்தச் சிவப்புப் புடவைக்காரி முகம்தான் ஒட்டியிருக்கும், கிழித்ததும் நல்லதுக்குத்தான் என்றாள். எனக்கு அதில் சம்மதமில்லை, ஆனால் அக்காவிடம் வாதாட முடியுமா?

ஏன் சம்மதமில்லை என்றால், கதை எப்போதும் கிடைக்கும். ராஜேஷ்குமார், சுஜாதா, சங்கர்லால், எல்லாம் மறுபதிப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் மறுபதிப்பில் அட்டை புதுசு. பழைய அட்டை ஒரே தடவை அடித்தது, ஒரு மாதம் கடையில் தொங்கியது, போயிற்று. வெயில் பட்ட பக்கத்துக் கடையில் தொங்கியிருந்தால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, பெண் முகமெல்லாம் நீலமாகிவிடும். வாடகை நூலகத்துக்குப் போயிருந்தால் நாலு நாவலைச் சேர்த்து பைண்டு போட்டு, அட்டையைக் கழித்து, ஓரத்தையும் வெட்டியிருப்பார்கள். மூலையில் ஓவியர் போட்ட கையெழுத்து அந்த வெட்டில்தான் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அக்காவுக்கும் எனக்கும் காலம்தான் கற்றுக்கொடுத்தது. அந்த மாத நாவல்களில் பெரும்பாலானவை நடுவில் இரண்டு பின் அடித்தவை, நம் ஸ்கூல் நோட்டு மாதிரி. நோட்டின் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே தாள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். முன்னால் ஒன்றைக் கிழித்தால் பின்னால் ஒன்று கழன்று வரும். அட்டையைக் கிழித்ததும் அடுத்த தாளுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. பத்து கை மாறுவதற்குள் அதுவும் கழன்றுவிடும். முதல் இரண்டு பக்கம் போகும்போது கடைசி இரண்டு பக்கமும் கூடவே போகும். துப்பறியும் கதையில் கடைசி இரண்டு பக்கத்தில் என்ன இருக்கும்? நாற்பத்திமூன்றில் பதினொன்றுக்கு இப்படி முடிவு இல்லாமல் போயிருந்தது. அட்டைக்காக அலைந்தேன் என்று சொன்னேனே, பாதி அலைச்சல் கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

வைத்துக்கொள்கிற முறையைச் சில பேர் கேட்டீர்கள். அதற்கு நம்மூரைவிட வசதியான ஊர் கிடையாது. டி-ஷர்ட் போடுகிற பாலி பேக் இருக்கிறதல்லவா, ஒரு புத்தகத்துக்கு ஒன்று. பி.பி. பை என்று கேட்டு வாங்குங்கள், பி.வி.சி. வேண்டாம், அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து அட்டை மையை இழுத்துவிடும். வாயை ஒட்டாதீர்கள், காற்று வேண்டும். பெட்டியில் கம்பெனியில் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. பால்கனிச் சுவரோரம் வைக்காதீர்கள். நம் கட்டடத்தில் மேற்குப் பக்கச் சுவர் மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று சி பிளாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது வேறு அஜெண்டா. ராமபாணப் பூச்சிக்கு மைதாப் பசை என்றால் விருந்து, அதனால் பசை போட்டு ஒட்டாதீர்கள். செலோடேப் கூடவே கூடாது. பத்து வருஷத்தில் டேப் கழன்று விழும், பழுப்புக் கறை மட்டும் நிற்கும். துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் காட்டன் நூல் கோத்து முடிச்சுப் போட்டுவிடலாம். நான் நாற்பதாம் நம்பர் நூல் போடுகிறேன். உள்தாள் பழுப்பாவதை மட்டும் நிறுத்த முடியாது, அது அந்தத் தாளின் பிறவிக் குணம். மெதுவாக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது அலமாரி விஷயம். குழந்தைகள் கண்ணுக்கு நேராக வைத்தது என் தப்பு, அதில் வாதமில்லை. படம் போட்ட அம்மாவிடம் அன்றே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் காபி குடிக்க வைத்து, "எங்க அம்மாகூட இதெல்லாம் படிப்பாங்க சார், அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சு" என்றார். பார்த்தீர்களா! சங்கத்துக்கு என் வேண்டுகோள், மேல் தட்டில் பூட்டுப் போட்ட ஒரு கதவு. சாவி என்னிடமோ நூலகப் பொறுப்பாளரிடமோ இருக்கட்டும். நான் பார்த்துப் பொறுக்கின முப்பது புத்தகம் அங்கே இருக்கும். ஆனால் பிரவுன் பேப்பர் போடமாட்டேன். போடச் சொன்னால் வீட்டிலேயே இருக்கட்டும். இந்த அட்டையை மறைத்துப் படித்த ஒரு தலைமுறை எங்களோடு முடியட்டும்.

இன்னொரு வேண்டுகோள் உங்கள் எல்லாருக்கும். நம்மில் நிறையப் பேர் லைன் வீட்டிலிருந்தும் பெரிய வீட்டிலிருந்தும் இங்கே வந்தவர்கள். வரும்போது எவ்வளவோ எடைக்குப் போட்டிருப்பீர்கள். சொந்த ஊரில் பரண்மேல் இன்னும் ஒரு மூட்டை இருக்கும். அம்மாவோ அத்தையோ வைத்திருந்தது. அதைப் போடுவதற்கு முன்னால் செக்யூரிட்டி ரூமில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். எடைக் காசு தந்துவிடுகிறேன்.

குறிப்பாக ஒன்றைத் தேடுகிறேன். நாற்பத்திமூன்றில் நாற்பத்திரண்டுக்கு அட்டையோ முடிவோ, இரண்டில் ஒன்றாவது கிடைத்துவிட்டது. மிச்சம் ஒன்று. முதல் நாலு பக்கமும் கடைசி நாலு பக்கமும் இல்லை, அட்டை இல்லை, அதனால் தலைப்பும் எழுதியவர் பெயரும் இல்லை. கதை ஊட்டியில் நடக்கிறது. டெல்லியிலிருந்து வந்த ஒரு உளவுத்துறை ஆள், மேட்டுப்பாளையம் ரயிலில் ஒரு சிவப்பு சூட்கேஸ், அதை மாற்றி எடுத்துக்கொண்டு போகிற ஒரு ஸ்கூல் டீச்சர். டீச்சருக்குச் சங்கரி என்று பெயர். குன்னூரில் ஒரு கண்ணாடி வீட்டில் எல்லாரும் கூடுகிறார்கள், விளக்கு அணைகிறது, துரோகி யார் என்று அந்த ஆள் சொல்ல வாயைத் திறக்கிறான். அங்கே தாள் முடிந்துவிடுகிறது.

அக்காவுக்கு அறுபத்திரண்டு ஆகிறது. படித்த காலத்தில் முடிவும் படித்தவள்தான், இப்போது மறந்துபோயிற்று. போனில் பேசும்போதெல்லாம் கடைசியில் கேட்பாள், "கிடைச்சுதாடா?" என்று. உங்கள் வீட்டில் யாராவது பெரியவர்கள் படித்திருந்தால், சிவப்பு சூட்கேஸ், சங்கரி டீச்சர் என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஞாபகம் வந்தால் ராத்திரி பதினொரு மணியானாலும் பரவாயில்லை, இன்டர்காமில் கூப்பிடுங்கள்.

சாப்பாடு தயார் என்று கை காட்டுகிறார்கள்.